கோயிலுக்குப் போய் வந்த ஊசி

திருச்சி விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்த அதிகாரி தங்கத்தைத் தேடினார். கிடைத்தது ஓர் ஊசி. தடித்த பேனா மாதிரி, சின்னக் குளிர்ப்பைக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவே படுத்திருந்தது.

"சுகரா?" என்றார்.

"இல்லைங்க. அரிப்பு."

"அரிப்புக்கா ஊசி?"

ஆமாம் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க சார், அரிப்புக்கெல்லாம் சிங்கப்பூர்ல ஊசி போடுறாங்களாம்" என்றார். இருவரும் என் முழங்கை மடிப்பை எட்டிப் பார்த்தார்கள். தன் மச்சினனுக்கும் இப்படித்தான் இருந்தது, கத்திரிக்காயை விட்டதும் போய்விட்டது என்றார் இரண்டாமவர். கத்திரிக்காய் இல்லை, கருவாடு என்றார் முதலாமவர். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் கால் வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் என் வியாதிக்கு இரண்டு காரணம் கிடைத்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு ஒன்று கூடக் கிடைத்ததில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். மீனும் இறைச்சியும் கெடாமல் பார்த்துக்கொள்வது வேலை. என் தோலைக் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே வந்த கரப்பான். டாக்டர்கள் அதை அடோபிக் எக்ஸிமா என்பார்கள். களிம்பு, மாத்திரை, தோலில் ஒளி பாய்ச்சும் விளக்கு வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டு, போன வருஷம்தான் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் போடும் கூச்சலில் இரண்டு குரல்களை மட்டும் இது அடக்குகிறது என்று என் டாக்டரம்மா விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பல வருஷம் கழித்து முதல் தடவையாக அரைக்கைச் சட்டை வாங்கினேன்.

வந்த காரியம், தங்கை கௌசல்யாவின் மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும், காது குத்த வேண்டும். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு இப்போது நான் ஒருவன்தான். ஊசி போட வேண்டிய நாள், விசேஷத்துக்கு முந்தின நாள். அதனால்தான் அதையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பசி கண்ணை அடைத்தது. பரோட்டாவும் முட்டை மாஸும் சொன்னேன். அவித்த முட்டையை நறுக்கி வெங்காய மசாலாவில் பிரட்டிக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இந்த ருசி கிடையாது. கல்லாவில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "முட்டை சூடு தம்பி, ஒங்க ஒடம்புக்கு ஆகாது" என்றார். அவர் கடை முட்டைதான்.

என் அம்மாவும் அப்படித்தான். முட்டை, கடலை, கருவாடு, கத்திரிக்காய், தக்காளி எதுவும் என் தட்டுக்கு வராது. இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வண்டியை அப்படியே திருப்பிவிட்டார்கள். கடலையையும் முட்டையையும் குழந்தைக்குக் காலாகாலத்தில் ஊட்டிப் பழக்கினால் அந்த உணவு ஒவ்வாமல் போவதைப் பெரும்பாலும் தடுக்கலாமாம். வாய் வழியாகப் போனால் உடம்பு அதை உறவாக்கிக்கொள்ளுமாம்; வெடித்த தோல் வழியாகப் போனால் பகையாக்கிக்கொள்ளுமாம். அம்மா இருந்திருந்தால் இப்படிச் சொன்னவரை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். இதுவே சிங்கப்பூரில் ரயில் சற்றுத் தாமதமானால் போதும், ஒலிபெருக்கியில் நான்கு மொழிகளில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஒரு மொழியிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜனங்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு மரத்தடிக்குப் போனார்கள்.

என் ஐஸ் பொதிகள் தண்ணீராகியிருந்தன. ஊசிக்கு வேண்டியது வீட்டு பிரிட்ஜின் குளிர். உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. ஆவணி மாதத்து வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் குளிரில் வைத்துக் காப்பாற்றுகிறவன், ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நடுரோட்டில் முழித்தேன்.

டீக்கடை ஓரத்தில் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. கடற்கரைப் பக்கமிருந்து வருகிற குட்டி லாரி. ஓட்டி வந்தவரிடம் போய் ஐஸ் கிடைக்குமா என்றேன்.

"சரக்கு எங்கிட்டு இருக்கு?" என்றார், நானும் மீன்காரன் என்று நினைத்து.

"சரக்கு இல்லைங்க, மருந்து. அரிப்புக்கு."

"மருந்துக்கா? அள்ளிக்கங்க. அரிப்புக்கு ஆத்தங்கரை வேப்பங்கொழுந்த அரைச்சுப் போடுங்க. எங்க வீட்ல அதான்."

துண்டால் ஊசியைச் சுற்றி, ஐஸ் அதன்மேல் நேராகப் படாமல் பையில் அடைத்தேன். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை, குறை சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த ஐஸ் காலையிலிருந்து சங்கரா மீனோடு படுத்திருந்த ஐஸ்.

ஆவுடையார்கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கை வாக்கப்பட்டிருக்கிறாள். மச்சான் குமரேசன் உரக்கடை வைத்திருக்கிறார். வாசலிலேயே எனக்குச் சோதனை காத்திருந்தது. குலதெய்வமான அய்யனார் கோயில் காரியம் என்பதால் வீடே விரதத்தில் இருந்தது. கவிச்சி வாசலைத் தாண்டக் கூடாது. நான் மீன் வாடையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நேராக பிரிட்ஜுக்குப் போனேன்.

கௌசியின் மாமியார் சிவகாமி அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, அளந்து பேசுகிற வாய். பையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். மேல்தட்டில் இருந்த பாலையும் பூவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, "அடித்தட்டுல வைங்க தம்பி" என்றார்.

பிறகு எனக்கென்று தனிச் சோப்பு, தனித் துண்டு, தனிக் கட்டில் வந்தன. கட்டிலின் மேல் இருந்த புது விரிப்பை எடுத்துவிட்டு, நைந்த பழைய நூல் சேலை ஒன்றை விரித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று வாய்வரை வந்தது. சின்ன வயசில் எங்கள் ஊர் அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே அலுத்தவன், அதனால் பேசாமல் அந்தப் பழஞ்சேலையில் படுத்தேன். மெத்தென்றுதான் இருந்தது. அது இன்னும் கோபமாக இருந்தது.

மறுநாள் காலையில் குழந்தையைப் பார்த்தேன். யாழினி. வயது ஒன்று முடிந்திருக்கிறது. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கன்னத்தில் அப்பிய பவுடர். என் மடிக்கு வந்ததும் மணிக்கட்டை என் சட்டைப் பொத்தானில் வைத்துத் தேய்த்தாள். அந்தத் தேய்ப்பை எனக்குத் தெரியும். நகம் படாமல் சொறிந்துகொள்ளும் வித்தை அது.

கௌசி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையின் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் சிவந்த தடிப்பு. என்னுடையதையே சின்னதாக்கி ஒட்டியது மாதிரி.

"அண்ணே, இது நம்ம பக்கத்துலேருந்துதான் வந்துச்சா?"

நான் ஆரம்பித்தேன். தோலின் மேல்சுவருக்கு ஒரு புரதம் பூச்சு வேலை செய்கிறது. அதை உண்டாக்குகிற மரபணு சிலரிடம் பழுதாக இருக்கும், அப்போது சுவர் வெடித்து வெளியே உள்ளதெல்லாம் உள்ளே வரும். ஆனால் பழுது உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் அந்தப் பழுதும் இல்லை. நம் நாட்டு ஆட்களிடம் அது எப்படி என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது போக, தோலில் குடியிருக்கிற ஒரு கிருமியே நேராக நரம்பைத் தூண்டி அரிப்பைக் கிளப்புகிறது என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து தினம் களிம்பு பூசினால் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். வந்த பிறகு பூசினால் நல்லது, அதில் சந்தேகமில்லை.

"அண்ணே, ஒண்ணு ஆமாங்க. இல்ல, இல்லைங்க."

"இருக்கலாம்."

அவள் அழுதாள். கல்யாணப் பேச்சு நடந்தபோது, உங்கள் பக்கத்தில் யாருக்கும் தோலில் ஏதும் உண்டா என்று சிவகாமி அத்தை கேட்டாராம். அம்மா பளிச்சென்று இல்லை என்றுவிட்டார். கல்யாணத்துக்கு நான் முழுக்கைச் சட்டை போட்டு நின்ற காரணம் எனக்கே இப்போதுதான் தெரிந்தது. அம்மா வாங்கி அனுப்பிய சட்டை அது. குழந்தைக்கு வந்ததிலிருந்து கௌசி பவுடரும் முழுக்கையுமாக ஒப்பேற்றி வருகிறாள்.

"அய்யனாரு கோயில்ல ஆம்பளைங்க சட்டை போடக் கூடாது. நீங்க வெறும் ஒடம்போடதான் ஒக்காரணும். மடியில இவ. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பாத்தா யாருக்குப் புரியாது? பொய் சொல்லிக் கட்டி வச்சுட்டாங்கன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க அண்ணே. நீங்களாச்சும் அன்னைக்குச் சுத்தமா இருக்கணும்."

அதுவரை எனக்கு ஊசி என் தோலுக்கானது. அந்த நிமிஷத்திலிருந்து அது தங்கையின் மானத்துக்கானதாகிவிட்டது. மதியச் சாப்பாட்டில் முருங்கைக்காய் சாம்பாரும் வாழைப்பூப் பொரியலும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை.

சாயங்காலம் குமரேசன், எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்றார். "ஒங்களுக்கு வந்ததிலேருந்து செவந்திருக்கே, மச்சான். எங்க போர் தண்ணி உப்பு. சோப்புப் போட்டா நுரைக்காது. அங்கிட்டு ஊருணித் தண்ணியில குளிங்க." அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் இந்த வியாதி கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். சரி என்று தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தை வீடுகளில் பொருத்திப் பார்த்தால், வியாதி அப்படியே இருந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப தண்ணி காரணமா, இல்லையா?" என்றார். தெரியாது என்றேன். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் காரணம் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

மூன்றாம் நாள் காலை பிரிட்ஜைத் திறந்தேன். அடித்தட்டு காலி. மஞ்சள் வாசனை அடித்தது. என் குளிர்ப்பை கழுவப்பட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அத்தை ஆவுடையார்கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றாள் கௌசி. "மஞ்சப்பையோட போனாங்க. பூசைச் சாமான்னு நினைச்சேன்."

குமரேசனின் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். பறந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து அது நின்றுவிட்டது. பந்தல் கழிகளும் வாழைமரமும் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். வாழையிலை முகத்தில் அடித்தது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வெயிலு ஒத்துக்கலயா? மேலெல்லாம் செவந்து கெடக்கு" என்றார். சிங்கப்பூர் ரயிலில் என் கழுத்தைப் பார்க்கிறவர்கள் நாசூக்காக நகர்ந்து நின்றுகொள்வார்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் கேட்கிறார்கள், யாரும் நகர்வதில்லை. இரண்டில் எது தேவலை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கோயிலுக்குள் நுழைந்ததும் வெயிலில் பூத்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லா மரமா என்று மயங்க வைக்கிற கூரைகளைத் தாண்டி உள்ளே ஓடினேன். அந்தக் கோயிலில் சாமிக்கு உருவம் கிடையாது. பீடம் உண்டு, அதன்மேல் லிங்கம் இல்லை. வடித்த சோற்றைக் கொட்டி அதிலிருந்து எழும் ஆவியைத்தான் நைவேத்தியமாகக் காட்டுகிறார்கள். அன்றும் உச்சிக்காலச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. இருக்கிறவரைப் பார்க்க முடியாது, அவர் சாப்பிட்டதையும் பார்க்க முடியாது, ஆனால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு என் டாக்டரம்மாவின் விளக்கங்கள் ஞாபகம் வந்தன.

அம்மனுக்கும் அங்கே பாதம் மட்டும்தான். கல் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டும். அந்தச் சன்னல் ஓரத்தில் சிவகாமி அத்தை கண்ணை மூடி நின்றிருந்தார். மஞ்சப்பை மார்போடு சேர்ந்திருந்தது. பையின் வாய் வழியே என் ஊசியின் தலை தெரிந்தது. அதில் குங்குமப் பொட்டு.

வெளியே வந்ததும் வெடித்தேன். "என்ன அத்தை பண்ணி வச்சிருக்கீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "கவிச்சி வாடை அடிச்சுச்சு தம்பி. அப்படியே ஒடம்புல ஏத்துனா ஆகுமா? மஞ்சத்தண்ணியில தொடச்சு, அம்மன் பாதத்துல வச்சு அர்ச்சனை பண்ணி எடுத்தாந்தேன். எந்த மருந்தும் சாமிகிட்ட வச்சு எடுத்தாத்தான் கேக்கும்."

"இது பிரிட்ஜ விட்டு எடுக்கவே கூடாது. கெட்டுப் போச்சு. இனி குப்பையிலதான் போடணும்."

கோயில் வாசலில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுண்டிப்போனது. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்து, மஞ்சப்பையை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தார், வெயில் படாமல். அந்த ஜாக்கிரதையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சிங்கப்பூரில் என் மருத்துவமனைத் தாதிக்கு போன் செய்தேன். பொறுமையான சீனப் பெண்மணி. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"குளிருக்கு வெளியே எவ்வளவு நேரம்?"

"காலையிலிருந்து உச்சிவேளை வரை."

"வெளியே என்ன வெப்பம்?"

"உங்களால் கற்பனை செய்ய முடியாது."

"எங்கே கொண்டுபோனீர்கள்?"

"கோயிலுக்கு."

"ஏன்?"

அதை விட்டுவிட்டு, இனி போடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: அறையின் சாதாரண வெப்பத்தில் சில நாள் தாங்கும், இந்த வெயிலில் போய் வந்ததை நம்ப முடியாது, போட வேண்டாம். சிங்கப்பூர் திரும்பி வந்து போட்டுக்கொள்ளுங்கள், ஒரு தவணை சில நாள் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது. அவருக்கென்ன, குடி எது என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள், ஊசி போட வேண்டிய நாளில், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து தெளிவாக, நல்ல பிள்ளையாக உள்ளே நின்றது. கலங்கவில்லை. கெட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. "போட்டுருங்க அண்ணே, சாமிகிட்ட வேற போயிட்டு வந்துருக்கு" என்று கௌசி கெஞ்சினாள். வெயிலில் கிடந்த பூச்சிமருந்தையே தான் யாருக்கும் விற்பதில்லை என்றார் குமரேசன். நான் போடவில்லை. கிடங்கில் குளிர் தப்பிய பெட்டியைப் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நான் ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முழங்கை மடிப்பும் கழுத்தும் தீயாக எரிய ஆரம்பித்தன. ஊசி தவறியதாலா? அவ்வளவு சீக்கிரம் ஆகாது. வேர்வையா, பந்தல் தூசியா, போர் தண்ணியா, அத்தைமேல் பட்ட கோபமா, முட்டை மாஸா? களிம்பைப் பூசி ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பழஞ்சேலையில் கிடந்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விசேஷத்தன்று அய்யனார் கோயில் மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. சீர்த்தட்டுகளை இறக்கி வைத்தேன். தோடு, பட்டுப்பாவாடை, சிங்கப்பூர் சாக்லெட். பிறகு சட்டையைக் கழற்றினேன். வேட்டியும் துண்டுமாக மணையில் உட்கார்ந்தேன். துண்டால் எதை மூடுவது? கழுத்தை மூடினால் கை தெரிந்தது, கையை மூடினால் கழுத்து தெரிந்தது. கௌசி முழுக்கைச் சட்டையோடு யாழினியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

முடி இறக்க வந்தவர் கத்தியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து நின்றார். "மாமனுக்கு என்ன, ஒடம்புல இப்படி? புள்ளைக்கு ஒட்டிக்கிறப் போவுது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒட்டாது என்று சொல்ல வேண்டும், நான் துண்டை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். கௌசி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவகாமி அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து யாழினியின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். சிவந்த மடிப்புகளோடு குழந்தை என் வெற்று மார்பில் சாய்ந்தது.

"ஒட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு முன்னாடியே இருக்கு" என்றார் முடி இறக்க வந்தவரிடம். "கரப்பான். நீ ஒன் வேலையப் பாரு."

கௌசி, "அத்தை..." என்றாள்.

"தெனம் குளிப்பாட்டுறவ நான். எனக்குத் தெரியாதா? பவுடரப் போட்டு மூடுனா எரியத்தான் செய்யும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

கௌசி உடைந்து போனாள். "எங்க பக்கத்துலேருந்து வந்துருச்சு அத்தை. அம்மா மறைச்சுட்டாங்க. மன்னிச்சிருங்க."

"ஒங்க பக்கமா?" அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் மகனைக் கைகாட்டினார். "இந்தா நிக்கிறான் பாரு, இவனுக்கு மூணு வயசு வரைக்கும் ஒடம்பு முழுக்கக் கரப்பான். புது விரிப்புல போட்டா அழுவான். என் பழஞ்சேலையிலதான் தூங்குவான். அப்புறம் தானா மறைஞ்சு போச்சு. வெளியில யாருகிட்டயும் நான் மூச்சு விடல."

குமரேசன் வாயைப் பிளந்தார். "எனக்கா?"

"பொண்ணு பாக்க வந்தப்ப நான் எதுக்குக் கேட்டேன்? ஒங்க பக்கமும் இருக்குன்னா, எங்க பயலுக்கு இருந்ததையும் சொல்லிரலாம்னுதான். ஒங்கம்மா இல்லைன்னுட்டாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். இந்தப் புள்ளைக்கு வந்ததும் எனக்குக் கண்ணுல தூக்கம் இல்ல. எங்க ரத்தந்தான் இவள இந்தப் பாடு படுத்துதுன்னு." என் பக்கம் திரும்பினார். "தம்பி வந்து எறங்குனப்பதான் பாத்தேன். ஊசி போட்டுக் கொணமாவுதுன்னாங்க. ஒங்களுக்குக் கேட்டா நாளைக்கு இவளுக்கும் கேக்கும்ல? அதான் ரெண்டு பேரு பேருக்கும் அர்ச்சனை பண்ணேன். கெட்டுப்போவும்னு தெரியாது தம்பி."

தனிக் கட்டில், தனிச் சோப்பு, நைந்த சேலை எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் குழந்தை பயந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"எங்க பக்கந்தான் அத்தை" என்றாள் கௌசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அண்ணனப் பாத்தாலே தெரியலயா?"

"போடி, இது எங்க பக்கம்."

மூக்கும் நிறமும் யார் பக்கத்திலிருந்து வந்தன என்று சண்டை போடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கரப்பானுக்கு உரிமை கொண்டாடி இரண்டு பெண்கள் மல்லுக்கட்டியதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் இருவரும் என்னிடம் திரும்பி, யார் பக்கம், நீங்க சொல்லுங்க என்றார்கள். எதிர்ப்புச் சக்தி, மேல்சுவர், கிருமி, தண்ணீர் எல்லாம் ஒரு சுற்று மனசுக்குள் ஓடியது.

"தெரியலை" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை சொன்னதில்லை.

முடி இறங்கியது. சந்தனம் பூசலாமா என்று அத்தை என்னைக் கேட்டார். கத்தி பட்ட தலைக்கு வேண்டாம் என்றேன். சம்பிரதாயத்துக்கு நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, என் களிம்பைத் தலையில் தடவினார்கள். ஆசாரி காது குத்தியபோது யாழினி வீரிட்டு அழுதாள். அழுதுகொண்டே தன் முழங்கையைப் பிறாண்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடுவித்துக்கொண்டு, அதே விரல்களால் என் முழங்கை மடிப்பைப் பிறாண்ட ஆரம்பித்தாள்.

சொறியக் கூடாது என்பது மட்டும்தான் எல்லா டாக்டர்களும் ஒன்றுபோல எனக்குச் சொன்ன ஒரே விஷயம். நான் கையை எடுக்கவில்லை. காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த இடம் அதுதான்.